ஆசிரியரின் பதிவும் மாணவரின் பரீட்சையும்

தாம்பரத்தில் செங்கல்பட்டு மின்சார ரயிலில் ஏறினால் பெருங்களத்தூர், வண்டலூர், ஊரப்பாக்கம், கூடுவாஞ்சேரி தாண்டிப் பொத்தேரி வரும். காலை நேரத்தில் அந்த ரயிலில் மாணவர் கூட்டம்தான் அதிகம். சேலையூர், மாடம்பாக்கம், செம்பாக்கம் பக்கத்திலிருந்து பஸ் பிடித்துத் தாம்பரம் வந்து, அங்கிருந்து ரயிலேறிப் போகிறவர்களும் அதில் உண்டு. காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். பல்கலைக்கழகத்துக்குப் போக இறங்க வேண்டிய நிலையம் பொத்தேரி.

2025 மே மாதம் அந்தப் பல்கலைக்கழகத்தின் பெயர் நாடு முழுக்கப் பேசப்பட்டது. மே 7 அதிகாலை 'ஆபரேஷன் சிந்தூர்' தாக்குதல் நடந்தது. அங்கே வேலை பார்த்த உதவிப் பேராசிரியை ஒருவர் தம் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் அதை விமர்சித்து எழுதினார். அப்பாவிகள் சாகிறார்கள் என்றும், போர் வந்தால் விலைவாசி ஏறும், சாதாரண மக்களுக்குத்தான் கஷ்டம் என்றும் அவர் எழுதியிருந்தார். யாரோ அதை ஸ்கிரீன்ஷாட் எடுத்தார்கள். அவருடைய படத்தோடும் விவரங்களோடும் அது எக்ஸ் தளத்தில் சுற்றியது. 'தேசத் துரோகி' என்றார்கள், 'வேலையை விட்டுத் தூக்கு' என்றார்கள். மறுநாள், மே 8 அன்று, பல்கலைக்கழகம் அவரை விசாரணை முடியும்வரை பணியிடைநீக்கம் செய்தது.

அவருடைய கருத்து சரியா தவறா என்று அப்போது எல்லோரும் விவாதித்தார்கள். பஹல்காமில் 26 பேர் கொல்லப்பட்ட வேதனை ஆறாத நேரம் அது. கோபம் வந்தவர்களையும் புரிந்துகொள்ள முடிகிறது, பேச்சுரிமை என்று வாதாடியவர்களையும் புரிந்துகொள்ள முடிகிறது. ஆனால் ஒரு கேள்வியை மட்டும் யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அந்த ஆசிரியை மாணவர்களை வேலைவாய்ப்புக்குத் தயார்செய்யும் பிரிவில் இருந்தவர். நேர்முகத் தேர்வுக்கு எப்படிப் பேசுவது, எப்படி உட்காருவது என்று கற்றுத்தரும் பிரிவு அது. அவரிடம் பயின்ற பிள்ளைகளுக்கு மறுநாள் யார் வந்தார்கள்? அவர்களிடம் என்ன சொல்லப்பட்டது?

ஒரு ஆசிரியரின் பதிவு ஊர் வாயில் விழும்போது மாணவருக்கு என்ன ஆகிறது என்பதைத்தான் இந்த வாரம் எழுத நினைக்கிறோம். குறிப்பாக, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரி வாசலை மிதித்த தலித் மாணவருக்கு என்ன ஆகிறது?

முதலில் கை வைப்பது யார் மேல்?

பதிவு போட்டு மாட்டிக்கொண்ட ஆசிரியர்கள் எல்லாச் சமூகத்திலும் இருக்கிறார்கள். அதே 2025 மே மாதம், ஹரியாணாவில் அசோகா பல்கலைக்கழகப் பேராசிரியர் அலி கான் மஹ்மூதாபாத் முகநூல் பதிவுக்காக மே 18 அன்று கைதானார். மூன்று நாளில் உச்ச நீதிமன்றம் அவருக்கு இடைக்கால ஜாமீன் தந்தது. அவருக்குப் பெரிய வழக்கறிஞர்கள் கிடைத்தார்கள். எல்லா ஆசிரியருக்கும் அப்படி வாய்ப்பதில்லை.

2022 மே மாதத்தில் நடந்ததைப் பாருங்கள். டெல்லி இந்து கல்லூரியில் வரலாறு கற்பிக்கும் தலித் பேராசிரியர் ரத்தன் லால், ஞானவாபி மசூதி விவகாரம் பற்றி சமூக வலைதளத்தில் ஒரு பதிவு போட்டார். மத உணர்வு புண்பட்டது என்று புகார் போனது. மே 20 இரவு கைது செய்தார்கள். மறுநாளே நீதிமன்றம் ஜாமீன் கொடுத்தது. ஒரு தனிமனிதருக்கு ஏற்பட்ட வருத்தத்தை ஒரு சமூகம் முழுவதின் வருத்தமாக எடுத்துக்கொள்ள முடியாது என்ற கருத்தையும் அந்த நீதிமன்றம் சொன்னது. அவருக்காக டெல்லியில் மாணவர்கள் தெருவில் இறங்கினார்கள்.

அதே மாதம், லக்னோ பல்கலைக்கழகத்தின் இந்தித் துறையில் இருந்த தலித் பேராசிரியர் ரவி காந்த், இணைய விவாதம் ஒன்றில் பேசியதற்காக வளாகத்துக்குள்ளேயே சுற்றி வளைக்கப்பட்டார். சில நாள் கழித்து ஒரு மாணவர் அவரைத் தாக்கினார். தாக்கியவர் மாணவர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஊர்க் கோபத்துக்குத் தூண்டப்பட்ட ஒரு மாணவர் ஆசிரியர் மேல் கை ஓங்கினால் அவருடைய எதிர்காலமும் வழக்கில் சிக்குகிறது.

அந்த ஆண்டு செப்டம்பரில் வாரணாசியில் நடந்தது இன்னும் கவனிக்க வேண்டியது. மகாத்மா காந்தி காசி வித்யாபீடத்தில் அரசியல் அறிவியல் கற்பித்த தலித் விரிவுரையாளர் மிதிலேஷ் குமார் கௌதம், நவராத்திரி நேரத்தில் ஒரு பதிவு போட்டார். பெண்கள் ஒன்பது நாள் விரதம் இருப்பதைவிட அந்த ஒன்பது நாளும் அரசியல் சாசனத்தையும் இந்து சட்டத் தொகுப்பு மசோதாவையும் படித்தால் அடிமைத்தனமும் பயமும் போகும் என்பது அதன் சாரம். செப்டம்பர் 29 அன்று அவரை வேலையை விட்டு நீக்கினார்கள். பல்கலைக்கழகத்தின் சூழல் கெடுகிறது, தேர்வும் சேர்க்கையும் பாதிக்கப்படுகின்றன என்று காரணம் காட்டினார்கள். மாணவர் நலன் என்ற பெயரில்தான் மாணவரின் ஆசிரியர் பறிக்கப்பட்டார்.

கௌதம் ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்த்த விரிவுரையாளர். நம் அரசுக் கல்லூரிகளில் கௌரவ விரிவுரையாளர்கள் என்று சொல்கிறோமே, அதுபோன்ற நிலை. நிரந்தர ஆசிரியரை நீக்க வேண்டுமானால் குற்றக் குறிப்பாணை, விளக்கம், விசாரணை என்று வழிமுறை உண்டு. கௌரவ விரிவுரையாளரிடம் "நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று சொன்னால் முடிந்தது. தமிழ்நாட்டில் அரசுக் கலைக் கல்லூரிகள் பல ஆயிரக்கணக்கான கௌரவ விரிவுரையாளர்களை நம்பித்தான் ஓடுகின்றன. படித்து முடித்த தலித் இளைஞர்கள் பலருக்கு முதலில் கிடைக்கிற ஆசிரியர் வேலையும் அதுதான். ஆகவே பதிவு ஒன்று வைரல் ஆனால் முதலில் ஆட்டம் காண்பது அவர்களுடைய நாற்காலி.

அந்த நாற்காலி காலியானால் மாணவருக்கு என்ன நஷ்டம்? உதவித்தொகை விண்ணப்பத்தில் சாதிச் சான்றிதழ் எண்ணைத் தப்பாகப் போட்டுவிட்டால் தயங்காமல் போய்க் கேட்க ஒரு ஆள் இல்லாமல் போகிறார். விடுதியில் யாராவது சாதி பெயர் சொல்லிக் கிண்டல் செய்தால் சொல்லி அழ ஒரு ஆள் இல்லாமல் போகிறார். மேல்படிப்புக்கு எங்கே விண்ணப்பிக்கலாம், யு.ஜி.சி. நெட் தேர்வு என்றால் என்ன என்று சொல்ல வீட்டில் யாரும் இல்லாத பிள்ளைக்கு, துறையில் இருந்த அந்த ஒரே ஆசிரியர்தான் அண்ணனாகவும் அக்காவாகவும் இருந்திருப்பார். பாடம் எடுக்க வேறு ஆள் வந்துவிடுவார். இந்த இடத்தை நிரப்ப ஆள் வருவது கஷ்டம்.

கோபம் நியாயமான இடமும் உண்டு

இதையெல்லாம் சொன்னதும், ஆசிரியர் என்ன எழுதினாலும் பேசினாலும் விட்டுவிட வேண்டும் என்று நாம் வாதாடுவதாக யாரும் நினைக்க வேண்டாம். மக்கள் கோபப்பட்டதால் மட்டுமே நியாயம் கிடைத்த சம்பவங்களும் நம் கண் முன்னே இருக்கின்றன.

2021 ஏப்ரலில் கரக்பூர் ஐ.ஐ.டி.யில், பட்டியலின, பழங்குடி, மாற்றுத்திறனாளி மாணவர்களுக்கான ஆயத்த வகுப்பு இணைய வழியில் நடந்தது. நுழைவுத் தேர்வில் சிறிது மதிப்பெண் குறைந்தவர்களை ஓராண்டு தயார்செய்து ஐ.ஐ.டி.யில் சேர்ப்பதற்கான வகுப்பு அது. அதில் ஒரு பேராசிரியை அந்தப் பிள்ளைகளைக் கேவலமான வசைச் சொல்லால் திட்டினார். எந்த அமைச்சகத்திடம் வேண்டுமானாலும் போய்ப் புகார் செய்யுங்கள் என்று சவாலும் விட்டார். அந்த வீடியோ வெளியே வந்தது. நாடு முழுக்க அம்பேத்கரிய மாணவர் அமைப்புகள் கொதித்தன. மே மாதம் நிர்வாகம் அவரைப் பணியிடைநீக்கம் செய்தது. வீடியோ வெளியாகியிருக்காவிட்டால் அந்தப் பிள்ளைகளின் சொல்லை யார் நம்பியிருப்பார்கள்?

2022 ஜூனில் தூத்துக்குடி மாவட்டம் குளத்தூர் அரசு மேல்நிலைப்பள்ளியில் நடந்ததும் அப்படித்தான். ஆசிரியை ஒருவர் ஒரு மாணவரோடு போனில் சாதி பிரித்துப் பேசிய ஆடியோ பரவியது. இரண்டு ஆசிரியைகள் பணியிடைநீக்கம் செய்யப்பட்டார்கள். அந்த ஆடியோ கைமாறிக் கைமாறிப் போயிருக்காவிட்டால் அது வெறும் ஊர்ப் பேச்சாக முடிந்திருக்கும்.

ஆக, இரண்டு வகைப் பேச்சை நாம் பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. ஓர் ஆசிரியர் அரசைப் பற்றி, மதத்தைப் பற்றி, போரைப் பற்றித் தம் கருத்தைச் சொல்வது ஒன்று. அது நமக்குப் பிடிக்காமல் இருக்கலாம், பதிலுக்கு எழுதலாம், வாதாடலாம். தம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் பிறப்பை இழிவாகப் பேசுவது மற்றொன்று. அந்தப் பிள்ளையின் விடைத்தாளைத் திருத்துகிறவரும், இன்டர்னல் மார்க் போடுகிறவரும், செய்முறைத் தேர்வில் கேள்வி கேட்கிறவரும் அவரே. அவர் மனதில் அப்படி ஓர் எண்ணம் இருக்கிறது என்று தெரிந்த பிறகு அந்தப் பிள்ளை எந்த நம்பிக்கையில் தேர்வு எழுத முடியும்?

ஊர்க் கோபம் இந்த இரண்டையும் பிரித்துப் பார்ப்பதில்லை. அரசியல் சாசனத்தைப் படிக்கச் சொன்னவரும் வேலை இழக்கிறார், மாணவரைச் சாதி சொல்லித் திட்டியவரும் பணியிடைநீக்கம் ஆகிறார். நிர்வாகத்தைப் பொறுத்தவரை இரண்டும் ஒன்றே. நிறுவனத்தின் பெயர் கெடுகிறது, சீக்கிரம் ஒரு உத்தரவு போட்டுச் செய்தியை நிறுத்த வேண்டும், அவ்வளவுதான். மாணவருக்கு யாரால் என்ன தீங்கு நடந்தது என்று பார்த்து முடிவெடுத்தால்தான் இந்த வேறுபாடு தெரியும்.

செய்தி ஓய்ந்த பிறகு

கோபம் நியாயமானதாகவே இருந்தாலும் அதற்கு ஆயுள் குறைவு. கேரளத்தில் கோழிக்கோடு என்.ஐ.டி.யில் ஒரு பேராசிரியை 2024 ஜனவரி 30 அன்று, காந்தி கொல்லப்பட்ட நாளில், கோட்சேயைப் புகழ்ந்து முகநூலில் கருத்து எழுதினார். போலீஸ் வழக்கு, மாணவர் அமைப்புகளின் போராட்டம், தொலைக்காட்சி விவாதம் எல்லாம் நடந்தன. 2025-இல் அதே நிறுவனம் அவரை டீன் பொறுப்பில் அமர்த்தியது. 2024 ஜனவரி 22 அன்று அதே வளாகத்தில் ஒரு நிகழ்ச்சியை எதிர்த்து அட்டை பிடித்த மாணவரை அந்த நிறுவனம் ஓராண்டு இடைநீக்கம் செய்திருந்தது. மாணவர்கள் திரண்டு போராடிய பிறகே அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. ஆசிரியருக்குப் பதவி வந்தது. மாணவருக்கு ஓராண்டுப் படிப்பு போயிருக்க வேண்டியது.

ஓராண்டு என்றால் என்ன என்று நம் கிராமத்து வாசகர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கல்விக் கடனுக்கு வட்டி ஏறும். போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை நின்று போகும். "படிக்கப் போனவன் சண்டை போட்டுட்டு வந்துட்டான்" என்று ஊரில் பேச்சு வரும். பெண் பிள்ளையாக இருந்தால் அடுத்த மாதமே மாப்பிள்ளை பார்ப்பார்கள்.

ஹைதராபாத் மத்தியப் பல்கலைக்கழகத்தில் ரோஹித் வெமுலாவுக்கு நடந்ததை மறக்க முடியாது. 2015 ஆகஸ்டில் அம்பேத்கர் மாணவர் சங்கத்தை இழிவாக எழுதிய ஒரு முகநூல் பதிவில் தொடங்கியது அந்தத் தகராறு. அது அரசியல்வாதியின் கடிதமாக மாறியது, டெல்லிக்குப் போனது, விசாரணை மேல் விசாரணையாகத் திரும்பி வந்தது. ஐந்து தலித் மாணவர்கள் விடுதியை விட்டு வெளியேற்றப்பட்டார்கள். ரோஹித்துக்கு ஏழு மாத உதவித்தொகை வந்து சேரவில்லை. 2016 ஜனவரி 17 அன்று அவர் உயிரை விட்டார். ஒரு பதிவைச் சுற்றி எழும் ஆவேசம் எந்தத் திசையில் சுற்றினாலும், கடைசியில் அதன் பாரம் யார் தலையில் இறங்குகிறது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

சிறு பிள்ளைகள் விஷயத்தில் இன்னொரு கொடுமையும் உண்டு. 2023 ஆகஸ்டில் உத்தரப்பிரதேச மாநிலம் முசாபர்நகர் பக்கத்தில், ஒரு ஆசிரியை ஏழு வயது முஸ்லிம் சிறுவனைச் சக மாணவர்களை விட்டே அறையச் செய்தார். அந்த வீடியோ நாடு முழுக்கப் பரவியது. குற்றம் வெளிப்பட்டதும் உச்ச நீதிமன்றம்வரை வழக்கு போனதும் அதனால்தான். ஆனால் அழுதுகொண்டு நின்ற அந்தச் சிறுவனின் முகமும் அதோடு கோடிக்கணக்கான கைபேசிகளுக்குப் போனது. அறைந்த பிள்ளைகளின் முகங்களும் போயின. அவர்களும் குழந்தைகள்தான். உச்ச நீதிமன்றம் அந்தச் சிறுவனை வேறு பள்ளியில் சேர்க்கவும், அவனுக்கும் அந்த வகுப்புப் பிள்ளைகளுக்கும் மனநல ஆலோசனை தரவும் மாநில அரசுக்கு உத்தரவிட்டது. அரசு அதைச் சரியாகச் செய்யவில்லை என்று திரும்பத் திரும்பக் கண்டிக்கவும் வேண்டியிருந்தது. பகிர்ந்தவர்களில் எத்தனை பேருக்கு அதன் பிறகு அந்தச் சிறுவன் பள்ளிக்குப் போகிறானா என்ற நினைப்பு இருந்திருக்கும்?

வகுப்பறையில் விழும் மௌனம்

நேரடியாகச் சிக்கிக்கொண்டவர்களின் கதைகள் இவை. மற்ற மாணவர்களுக்கும் ஒரு பாதிப்பு உண்டு. அது செய்தியில் வராது.

சேலையூரை எடுத்துக்கொள்வோம். ஒரு பக்கம் விமானப்படைத் தளம். இன்னொரு பக்கம் பல்கலைக்கழகமும் தனியார் பள்ளிகளும். 1937-இல் தாம்பரத்துக்கு இடம் மாறிய சென்னைக் கிறித்தவக் கல்லூரியும் கிட்டேதான். ராணுவக் குடும்பத்துப் பிள்ளையும், காலனியிலிருந்து வரும் பிள்ளையும், வடமாநிலத்திலிருந்து வேலை தேடி வந்தவரின் பிள்ளையும் ஒரே பெஞ்சில் உட்காரக்கூடிய பகுதி இது. போரைப் பற்றியோ சாதியைப் பற்றியோ இடஒதுக்கீட்டைப் பற்றியோ பேச்சு வந்தால் இவர்கள் எல்லோருக்கும் வேறு வேறு கருத்து இருக்கும். அதை ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து, ஆசிரியரின் கண் முன்னால் மரியாதையோடு பேசிப் பழகுவதற்கு வகுப்பறையை விட்டால் வேறு இடம் இல்லை.

பக்கத்து ஊர் ஆசிரியை ஒரே நாளில் வேலையிலிருந்து நிறுத்தப்பட்டார் என்ற செய்தியைப் படித்த ஆசிரியர் அடுத்த நாள் என்ன செய்வார்? பாடத்தை மட்டும் நடத்திவிட்டுப் போவார். அம்பேத்கர் பற்றிய பாடம் வந்தால் பிறந்த தேதி, படித்த பட்டம், சட்டம் எழுதிய வருடம் என்று முடித்துக்கொள்வார். அவர் ஏன் பள்ளியில் சாக்கு விரித்து உட்கார வேண்டியிருந்தது என்ற கேள்விக்குப் போகமாட்டார். எந்தப் பிள்ளை போனில் பதிவு செய்கிறது என்று யாருக்குத் தெரியும்? மாணவரும் அதே பயத்தில் இருப்பார். தான் சந்தித்த அவமானத்தை வகுப்பில் எழுந்து சொன்னால் அது நாளை யாருடைய ஸ்டேட்டஸில் வருமோ என்று யோசிப்பார்.

இந்த மௌனத்தால் வசதியான வீட்டுப் பிள்ளைக்குப் பெரிய நஷ்டம் இல்லை. வீட்டில் புத்தகம் இருக்கிறது, பேச ஆள் இருக்கிறது. சாதி என்பது தன் தவறல்ல, அது ஒரு சமூகத்தின் நோய் என்று ஒரு தலித் பிள்ளை முதல் முறை கேட்பது பெரும்பாலும் ஓர் ஆசிரியர் வாயிலிருந்துதான். அந்த வாய் மூடிக்கொண்டால் அந்தப் பிள்ளைக்கு அதைச் சொல்ல ரீல்ஸும் சாதிப் பெருமைப் பாட்டும்தான் மிச்சம்.

நாங்குநேரியில் 2023 ஆகஸ்டில் ஒரு தலித் மாணவரும் அவருடைய தங்கையும் சக மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு, தமிழ்நாடு அரசு நீதிபதி சந்துரு தலைமையில் ஒருநபர் குழு அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்கும்போதே சமூக நீதி குறித்த அவர்களின் மனநிலையைப் பார்க்க வேண்டும், ஆசிரியர்களுக்கு நடத்தை விதிகள் வேண்டும், ஆண்டுதோறும் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் அந்த அறிக்கை பரிந்துரைத்தது. சாதியைப் பற்றி ஆசிரியர் நிதானமாகவும் தெளிவாகவும் பேசத் தெரிந்தவராக இருக்க வேண்டும் என்பதே இவற்றின் அடிப்படை. பயந்து வாய் மூடிய ஆசிரியரால் அந்த வேலையைச் செய்ய முடியாது.

பரீட்சையை முதலில் கேட்ட நீதிமன்றம்

இத்தனைக்கும் நடுவில் நமக்கு நம்பிக்கை தந்த ஒரு தீர்ப்பு உண்டு. அது ஒரு மாணவியின் வழக்கு. ஆனால் ஆசிரியர் விஷயத்திலும் அது வழிகாட்டும்.

எஸ்.ஆர்.எம். ஆசிரியை ஸ்டேட்டஸ் வைத்த அதே 2025 மே 7 அன்று, புனேயில் பொறியியல் படித்த 19 வயது மாணவி ஒருவர் ஆபரேஷன் சிந்தூரை விமர்சித்த பதிவு ஒன்றை இன்ஸ்டாகிராமில் பகிர்ந்தார். மிரட்டல் வந்ததும் சில மணி நேரத்தில் நீக்கினார், மன்னிப்பும் கேட்டார். கல்லூரி அவரை விளக்கம்கூடக் கேட்காமல் நீக்கியது. போலீஸ் கைது செய்தது. அவர் சிறையில் இருக்கும்போதே செமஸ்டர் தேர்வு தொடங்கிவிட்டது.

மே 27 அன்று வழக்கு பம்பாய் உயர் நீதிமன்றத்துக்கு வந்தது. நீதிபதிகள் அந்தப் பெண்ணின் பரீட்சையைப் பற்றி விசாரித்தார்கள். போலீஸ் காவலோடு போய் எழுதலாமே என்று அரசுத் தரப்பு சொன்னதை ஏற்கவில்லை, அவர் குற்றவாளி அல்ல என்றார்கள். அன்றைக்கே விடுதலை செய்ய உத்தரவிட்டார்கள். விளக்கம் கேட்காமல் நீக்கிய கல்லூரியின் உத்தரவையும் நிறுத்தி வைத்து, மீதித் தேர்வுகளை எழுத வழி செய்தார்கள்.

பதிவு சரியா தவறா என்ற விவாதம் பிறகு நடக்கட்டும், பிள்ளையின் படிப்பு இன்று நிற்கக் கூடாது என்ற இந்த வரிசையைத்தான் நாமும் பழக வேண்டும். ஒரு ஆசிரியரின் பதிவு வெடிக்கும்போது நிர்வாகமும், ஊடகமும், போனை வைத்திருக்கும் நாமும் முதலில் கேட்க வேண்டியது, அவருடைய மாணவர்களின் வகுப்பும் தேர்வும் மதிப்பெண்ணும் பாதுகாப்பாக இருக்கின்றனவா என்பதுதான்.

நாம் செய்யக்கூடியவை

மாணவர்களுக்கு: ஆசிரியர் உங்களைச் சாதி சொல்லி இழிவு செய்த பதிவோ ஆடியோவோ கையில் கிடைத்தால் அதை அழிக்காமல் வைத்துக்கொள்ளுங்கள். தேதி, நேரம், யார் அனுப்பியது என்று ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். குரூப்பில் போடுவதற்கு முன் எழுத்து மூலம் புகார் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கு அத்தாட்சி வாங்குங்கள். கல்லூரி என்றால் அங்கே சம வாய்ப்பு மையமும் பாகுபாடு தடுப்பு அலுவலரும் இருக்க வேண்டும் என்று யு.ஜி.சி. 2012-லேயே விதி வகுத்திருக்கிறது. பள்ளி என்றால் 14417 என்ற கல்வி உதவி எண்ணில் சொல்லலாம். 18 வயதுக்கு உட்பட்டவர்கள் 1098-ஐ அழைக்கலாம். வன்கொடுமை தொடர்பான தேசிய உதவி எண் 14566. நிர்வாகம் அசையாவிட்டால் பட்டியலினத்தோர் ஆணையம் இருக்கிறது, போலீஸ் இருக்கிறது. இணையத்தில் நடந்த இழிவுக்கும் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் 2022-இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

பகிர்கிறவர்களுக்கு: குழந்தையின் முகமோ பெயரோ பள்ளியோ தெரியும் வீடியோவை அனுப்பாதீர்கள். குற்றத்துக்கு ஆளான அல்லது சாட்சியான குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது சிறார் நீதிச் சட்டத்தின் 74-ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம்வரை சிறையோ இரண்டு லட்சம் ரூபாய்வரை அபராதமோ இரண்டுமோ கிடைக்கலாம். ஆசிரியரின் போன் நம்பரையும் வீட்டு முகவரியையும் பரப்புவதால் எந்த மாணவருக்கும் நியாயம் கிடைக்கப்போவதில்லை.

பெற்றோருக்கு: பிள்ளையின் ஆசிரியர் செய்தியில் அடிபட்டால் உடனே டி.சி. வாங்க ஓடாதீர்கள். பிள்ளையை உட்கார வைத்து, "வகுப்பில் அவர் உங்களை எப்படி நடத்துவார்?" என்று கேளுங்கள். அந்தப் பதிலில் உங்களுக்கு வேண்டிய விவரம் இருக்கும். பிள்ளை சாப்பிடாமல், தூங்காமல், பேசாமல் இருந்தால் 14416 என்ற மனநல உதவி எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

நிர்வாகங்களுக்கு: விசாரணை நடத்துங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் ஆசிரியரின் விளக்கத்தைக் கேட்காமல் இரவோடு இரவாக உத்தரவு போடாதீர்கள். உத்தரவு போடும் அதே நாளில் அந்த வகுப்பை யார் எடுப்பார், இன்டர்னல் மார்க்கை யார் போடுவார், ஆய்வு மாணவர்களுக்கு யார் வழிகாட்டி என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். புகார் கொடுத்த மாணவரின் விடைத்தாள் அந்த ஆசிரியரின் கைக்கோ அவருடைய நெருங்கிய நண்பரின் கைக்கோ போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தலித் மாணவர் பலர் புகாரில் கையெழுத்துப் போடத் தயங்குவதற்கு ஒரு காரணம், உதவித்தொகை விண்ணப்பம் கல்லூரி வழியாகத்தான் போக வேண்டும் என்பது. அதைத் தடுக்கமாட்டோம் என்று எழுத்தில் உறுதி கொடுங்கள்.

ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்குக் கருத்து இருக்கும், இருக்கத்தான் வேண்டும். எழுதுவதற்கு முன், உங்கள் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை இதைப் படித்தால் நாளை உங்களிடம் சந்தேகம் கேட்க எழுந்து நிற்குமா என்று மட்டும் யோசித்துப் பாருங்கள். நிற்கும் என்றால் எழுதுங்கள். அப்படி எழுதியதற்காக ஊர் உங்களைத் துரத்தினால், அந்தப் பிள்ளைகளின் பெற்றோராக நாங்கள் உங்கள் பக்கம் நிற்க வேண்டும்.

அடுத்த முறை ஓர் ஆசிரியரின் ஸ்கிரீன்ஷாட் நம் போனுக்கு வரும்போது, அதைக் கீழே அனுப்புவதற்கு முன் அவர் எந்த வகுப்புக்குப் பாடம் எடுக்கிறார், அந்த வகுப்புக்குப் பரீட்சை எப்போது என்று கேட்போம்.